கிவ் அப் பண்ணிய பிஷப்பும், டிஸ்கஸ் அபவுட் பண்ணும் நாமும்

'டாக் அபவுட்' சரி. 'திங்க் அபவுட்' சரி. 'ஆர்க்யூ அபவுட்' கூட சரி. ஆனால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் மட்டும் தப்பு. புதுசா வேலைக்குச் சேர்ந்த பையன் இப்படி ஒரு மெயில் அனுப்பினா, பக்கத்து சீட்டுக்காரங்க நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க. சிரிக்கிறவங்களைப் பிடிச்சு, "ஏன் தப்பு?"ன்னு கேட்டுப் பாருங்க. "அது அப்படித்தான்" என்பதைத் தாண்டி பதில் வராது.

எனக்கு இந்த 'அது அப்படித்தான்' மேல நம்பிக்கை கிடையாது. பழைய ப்ராஜெக்ட்டில் ஒரு விசித்திரமான வரி இருக்கும். எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. கமெண்ட்டும் இருக்காது. ஆனா பத்து வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு ராத்திரி, ஒரு காரணத்துக்காகத்தான் அதைப் போட்டிருப்பார். மொழியும் அப்படித்தான். இங்கே பத்து வருஷம் இல்லை, ஆயிரம் வருஷத்துக்கு மேல.

(டிஸ்கி: நான் மொழியியல் படிச்சவன் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆர்வக் கோளாறில் தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.)

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம் நம்ம தமிழ் மாதிரி இருந்தது என்று சொன்னால் நம்புவீங்களா? பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 'ராமனை', 'ராமனுக்கு', 'ராமனுடைய' என்று நாம் கடைசியில் ஒட்டுகிற மாதிரி அவங்களும் ஒட்டினாங்க. யார் அடிச்சது, யாரை அடிச்சது என்பதை விகுதியே சொல்லிவிடும். ப்ரெபொசிஷனும் இருந்தது, ஆனா இன்னிக்கு அது சுமக்கிற பாரம் அன்னிக்கு அதுமேல இல்லை.

வினைச்சொல்லின் பொருளை மாற்றுவதற்கு அவர்கள் பெரும்பாலும் முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்தார்கள். அந்த வழியில் செய்த சொற்களில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கு: 'ஓவர்கம்', 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்'. இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. 'வித்' என்றால் 'கூட'. அப்போ 'வித்ஸ்டாண்ட்' என்றால் கூட நிற்பதுதானே? ஆனால் அதன் பொருள் எதிர்த்து நிற்பது. காரணம், பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்பதுதான் முக்கியப் பொருள். 'கூட' என்பதற்கு 'மித்' என்று வேறொரு சொல் இருந்தது. பின்னாளில் 'வித்' அந்த இடத்தையும் பிடிச்சுக்கிட்டு 'மித்'தை வீட்டை விட்டே துரத்திவிட்டது. பாவம், 'மித்' இன்னிக்கு 'மிட்வைஃப்' என்ற சொல்லில் ஒண்டிக் குடித்தனம் நடத்துது (பிரசவிக்கிற பெண்ணின் கூட இருக்கிற பெண், அவ்வளவுதான் பொருள்).

'ஃபைட் வித்' என்றால் எதிர்த்துச் சண்டையா, கூடச் சேர்ந்து சண்டையா என்று இன்னிக்கும் குழப்பம் வருவது இதனால்தான். நாம சிரிக்க முடியாது. 'அவனோடு சண்டை போட்டேன்' என்பதிலும் அதே வில்லங்கம் இருக்கு :-)

சரி, இந்த விகுதிகளும் ஒட்டுகளும் எங்கே போச்சு?

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள். முதலில் கொள்ளைக்கு வந்தவர்கள் அடுத்த நூற்றாண்டில் குடும்பத்தோடு குடியேறினார்கள். இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் 'டேன்லா' என்ற டேனியர்களின் சட்டம் செல்லும் பகுதியாகவே மாறியது. பக்கத்துப் பக்கத்து ஊரில் ஆங்கிலேயரும் டேனியரும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, குதிரை வாங்கி, விற்று வாழ்ந்தார்கள். இரண்டு பேர் பேசியதும் பங்காளி மொழிகள். வேர்ச்சொற்கள் ஏறக்குறைய ஒன்று, கடைசி விகுதிகள்தான் வேறு. வியாபாரம் நடக்கணும்னா வேரைச் சொன்னாப் போதும், வாலை முழுங்கிடலாம். ஆங்கிலம் விகுதிகளை இழந்ததுக்கு இது ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். சொல்லின் முதல் அசையில் அழுத்தம் கொடுப்பதால் கடைசி அசைகள் தானாகவே தேய்ந்தன, அந்தத் தேய்மானம் முன்பே ஆரம்பித்துவிட்டது என்பது இன்னொரு காரணம். எதுக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் குடுமிப்பிடி.

வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன சொற்களைப் பாருங்க. 'டேக்', 'கெட்', 'கால்', 'காஸ்ட்' எல்லாம் நார்ஸ் சரக்கு. 'தே', 'தெம்' கூட அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் மொழியில் வினைக்கு முன்னால் வரும் ஒட்டுகள் எப்பவோ உதிர்ந்துவிட்டன. அதற்குப் பதிலாக வினைக்குப் பின்னால் 'மேலே', 'வெளியே' என்று ஒரு சின்னச் சொல்லை நிறுத்துவது அவர்கள் வழக்கம். ஆங்கிலத்திலும் அதே பழக்கம் மெல்லத் தலைதூக்கிக்கொண்டு இருந்தது. பக்கத்து வீட்டு வழக்கம் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம்.

இங்கேதான் நம்ம பிஷப் வருகிறார்.

கிழக்கு இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் ஒரு மடம். அங்கே துறவிகள் ஆண்டுவாரியாக ஒரு வரலாற்றுக் குறிப்பு எழுதிவந்தார்கள். 1066இல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு மற்ற மடங்களில் ஆங்கிலக் குறிப்பு எழுதுவது ஒவ்வொன்றாக நின்றுபோனது. பீட்டர்பரோவில் மட்டும் 1154 வரை விடாமல் எழுதினார்கள். ஊர் டேன்லா பகுதிக்குள் வருவதையும் கவனிங்க. அதன் கடைசிப் பகுதியில் ஸ்டீபன் என்ற மன்னரின் காலத்துக் கூத்துகள் வருகின்றன. மன்னருக்கு மந்திரிகள் மேல் சந்தேகம். ஆக்ஸ்ஃபோர்டில் சபை கூட்டி சாலிஸ்பரி பிஷப் ரோஜரையும், அவருடைய உறவினர்களான லிங்கன் பிஷப் அலெக்ஸாண்டரையும் சான்சலர் ரோஜரையும் பிடித்து உள்ளே போட்டார். தங்கள் கோட்டைகளை ஒப்படைக்கிற வரை வெளியே விடவில்லை.

அந்த 'ஒப்படைக்கிற' என்ற இடத்தில் துறவி எழுதியிருப்பது, அன்றைய எழுத்துக்கூட்டலில், சாட்சாத் 'கிவ் அப்'தான். நாம இன்னிக்கு சிகரெட்டையும் நம்பிக்கையையும் 'கிவ் அப்' பண்றோமே, அதேதான். ஆங்கிலத்தில் இந்த வகை 'அப்' தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. சம்பவம் நடந்தது 1139, குறிப்பில் அது 1137ஆம் ஆண்டின் கீழ் இருக்கு, எழுதியது 1155 வாக்கில். (துறவிகளும் நம்மள மாதிரிதான், டைம்ஷீட்டை மொத்தமாகக் கடைசியில் நிரப்பியிருக்காங்க.)

யோசிச்சுப் பாருங்க. கோட்டையைக் கொடுப்பதில் 'மேலே' எங்கே இருந்து வந்தது? கோட்டையை யாரும் தூக்கி மேலே நீட்ட முடியாது. 'அப்' அங்கே திசையைக் காட்டவில்லை. முழுசா, மிச்சமில்லாம, முடிஞ்சுபோச்சு என்பதைக் காட்டுகிறது. 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் தட்டைக் காலி பண்ணு. 'பர்ன்' என்றால் எரி, 'பர்ன் அப்' என்றால் எரிந்து சாம்பலாகு. திசையைக் குறித்த சொல் வேலை முடிந்ததைக் குறிக்கும் சொல்லாக மாறியதுதான் இந்தக் கதையின் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கதவு திறந்த பிறகு எதுவும் எதோடும் சேரலாம் என்றாகிவிட்டது.

இது வெள்ளைக்காரன் வினோதம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. 'சாப்பிட்டேன்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? 'விடு' என்றால் கையை எடு என்று பொருள். சாப்பாட்டில் எதை விட்டோம்? ஒன்றையும் விடவில்லை (சட்டியைக் கூட வழிச்சாச்சு). இங்கே 'விடு' செய்கிற வேலையைத்தான் அங்கே 'அப்' செய்கிறது. அவர்கள் ஒரு குட்டி திசைச்சொல்லை ஒட்டினால் நாம் இன்னொரு வினையையே ஒட்டுகிறோம்.

அப்புறம் இந்த ஜோடிகளைப் பாருங்க. 'லுக் ஆஃப்டர்' நம்ம ஊரில் 'பார்த்துக்கொள்'. பார்ப்பதற்கும் கொள்வதற்கும் குழந்தையைக் கவனிப்பதற்கும் என்ன சம்பந்தம்? 'ஃபைண்ட் அவுட்' நமக்கு 'கண்டுபிடி'. கண்டு, அப்புறம் பிடித்து! 'கிவ் அப்' என்பதற்கே சில இடங்களில் 'விட்டுக்கொடு' என்போம். விடுவதும் கொடுப்பதும் சேர்ந்தால் பணிந்துபோவது. எனக்குப் பிடித்தது 'டெல் ஆன்'. ஒருத்தன் செய்த தப்பை வாத்தியாரிடம் போய்ச் சொல்வது. தமிழில் 'போட்டுக்கொடு'. எதைப் போட்டான், எதைக் கொடுத்தான் என்று தமிழ் கற்கும் ஒரு ஜெர்மன்காரனுக்கு விளக்கிப் பாருங்க, அப்போ தெரியும் நம்ம மொழி கொடுக்கும் தலைவலி.

சரி, இங்கிலாந்துக்கே திரும்புவோம். விகுதிகள் உதிர்ந்ததால் இன்னொரு விசித்திரமும் நடந்தது. 'யாரை', 'யாருக்கு' என்ற வித்தியாசம் சொல்லில் தெரியாமல் போனதும், ப்ரெபொசிஷன் தன் பெயர்ச்சொல்லை விட்டு விலகி வினைச்சொல்லின் பக்கம் சாய ஆரம்பித்தது. 'லாஃப் அட் ஹிம்' என்பதில் 'அட்' யார் வீட்டுப் பிள்ளை? 'ஹிம்' வீட்டுப் பிள்ளை என்றுதான் இலக்கணம் சொல்லும். ஆனால் 13ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து 'ஹீ வாஸ் லாஃப்ட் அட்' என்பது போன்ற அமைப்பு தோன்றுகிறது. 'ஹிம்' எழுந்து முன்னால் போய்விட்டது, 'அட்' மட்டும் வினையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. பிரெஞ்சில் இப்படிச் செய்ய முடியாது. ஜெர்மனிலும் முடியாது. தமிழில் நினைச்சே பார்க்க முடியாது, 'ஐ' உருபைக் கழற்றி வினைக்கு மாட்ட முடியுமா?

இப்படி ப்ரெபொசிஷன் இரண்டு பக்கமும் சாயும் என்பதால் வருகிற குழப்பத்துக்கு சாம்ஸ்கி 1965இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு நல்ல உதாரணம் காட்டியிருக்கிறார்: 'ஹீ டிசைடட் ஆன் தி போட்'. படகைத் தேர்ந்தெடுத்தானா, படகில் உட்கார்ந்து முடிவெடுத்தானா? எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உடம்பு. முதல் பொருளில் 'ஆன்' வினையோடு தாலி கட்டிக்கொண்டது. இரண்டாவதில் படகோடு. தமிழில் 'படகை', 'படகில்' என்று இரண்டு எழுத்தில் விவகாரம் முடிந்துவிடும். கணினிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டவர்களைப் பல வருஷம் படுத்திய பிரச்சினைகளில் இதுவும் ஒன்று. கடைசியில் இலக்கண விதிகளை எழுதித் தீர்த்ததை விட, லட்சக்கணக்கான வாக்கியங்களில் எந்த வினை எந்தச் சொல்லோடு அதிகம் சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்துத் தீர்த்ததுதான் அதிகம்.

1066க்குத் திரும்பிப் போகணும், ஏன்னா நம்ம மெயில் பிரச்சினையின் வேர் அங்கே இருக்கு. நார்மானியர்கள் வந்ததும் அரண்மனை, நீதிமன்றம், பெரிய இடம் எல்லாம் பிரெஞ்சு. பின்னால் படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் நேராக அள்ளினார்கள். அதனால் ஒரே வேலைக்கு இரண்டு சொல் வந்து சேர்ந்தது. 'கோ இன்' இருக்க 'என்டர்'. 'கோ ஆன்' இருக்க 'கண்டின்யூ'. 'கம் பேக்' இருக்க 'ரிடர்ன்'. 'புட் ஆஃப்' இருக்க 'போஸ்ட்போன்'. முதல் சொல் வயக்காட்டுக்கும் அடுப்பங்கரைக்கும், இரண்டாவது சொல் கச்சேரிக்கும் பத்திரத்துக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். லத்தீன் சொல்லுக்குள்ளே ஏற்கெனவே ஒரு ப்ரெபொசிஷன் ஒளிந்திருக்கும். 'ரிடர்ன்' என்பதில் 'ரி' என்றாலே திரும்ப. அதனால்தான் 'ரிடர்ன் பேக்' என்றால் வாத்தியார் அடிப்பார். 'டிஸ்கஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். அதன் லத்தீன் மூலத்துக்கு உலுக்கிப் பிரித்துப் போடுவது என்று அர்த்தம். புளியமரத்தை உலுக்குவோம், புளியமரத்தைப் 'பற்றி' உலுக்க மாட்டோம் இல்லையா? அதனால் அதற்கு நேரடியாக ஒரு செயப்படுபொருள் போதும், 'அபவுட்' வேண்டாம்.

காரணம் கிடைச்சாச்சு. ஆனா இந்தக் காரணம் தெரிந்து எந்த ஆங்கிலேயனும் பேசுவதில்லை. உலுக்குகிற பொருள் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆச்சு.

17ஆம் நூற்றாண்டில் லத்தீன் மோகம் முற்றியது. ஜான் ட்ரைடன் என்ற கவிஞர் 1672இல் எழுதிய ஒரு கட்டுரையில், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சன் ப்ரெபொசிஷனை வாக்கியக் கடைசியில் வைக்கிறார் என்று குறை சொன்னார். அதோடு நிற்கவில்லை. 1668இல் வந்த தன்னுடைய சொந்தக் கட்டுரையை எடுத்து, 1684ஆம் ஆண்டுப் பதிப்பில் வாக்கியக் கடைசியில் நின்ற ப்ரெபொசிஷன்களை எல்லாம் இடம் மாற்றினார். ஒரு வாக்கியம் சரியான ஆங்கிலமா என்று சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பேன் என்றும் இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறார். தமிழ் வாக்கியம் சரியா என்று சமஸ்கிருதத்தில் போட்டுப் பார்ப்பது போல. நமக்கும் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள், அதனால் அந்த மனநிலை புரியாமல் இல்லை.

1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் இலக்கணப் புத்தகம் போட்டார். கடைசியில் ப்ரெபொசிஷன் வைப்பது நம் மொழியின் இயல்பு, பேச்சுக்கும் எளிய நடைக்கும் ஏற்றது, ஆனால் முன்னால் வைப்பது கம்பீரமாக இருக்கும் என்கிற மாதிரி மென்மையாகத்தான் சொன்னார். அந்த 'இயல்பு' என்று சொல்லும் வாக்கியத்திலேயே ப்ரெபொசிஷனைக் கடைசியில் வைத்திருக்கிறார், குறும்புக்காரர். 1795இல் லிண்ட்லி மர்ரே என்பவர் அதைத் தன் இலக்கணத்தில் எடுத்துப் போட்டார். போடும்போது லௌத்தின் குறும்பைப் 'பிழை'யாக நினைத்துத் திருத்தியும் விட்டார்! மர்ரேயின் புத்தகம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்டது. ஒரு கவிஞரின் தனிப்பட்ட ருசி, பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கித் தரும் விதியான கதை இதுதான். (இந்த விதியைக் கிண்டல் செய்து சர்ச்சில் சொன்னதாக ஒரு ஜோக் சுற்றுகிறது. அவர் சொன்னார் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம்ம ஊரில் எல்லாப் பொன்மொழியும் அப்துல் கலாம் பெயரில் வருமே, அந்த மாதிரி.)

இவர்களுக்கு நடுவில் சாமுவேல் ஜான்சன் மட்டும் வேறு மாதிரி. 1755இல் தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவது மற்ற மொழிகளை விட ஆங்கிலத்தில் அதிகம், வெளிநாட்டாருக்கு இதுதான் பெரிய சிரமம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தார். வெளியிலிருந்து கற்க வருகிறவனைப் பற்றி யோசித்த மனுஷன். ஆனாலும் இந்தச் சேர்க்கைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் வந்து நிலைக்க 1925 ஆனது. லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் அதைப் பயன்படுத்தி, இந்தப் பெயரைச் சொன்னது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி ப்ராட்லி என்று எழுதினார். பிஷப் கோட்டையைக் கொடுத்து எண்ணூறு வருஷம் கழிச்சுத்தான் பெயர்சூட்டு விழா!

இப்போ நம்ம ஊர். 1835இல் மெக்காலே குறிப்பு, அதையொட்டி அரசு ஆணை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் நமக்கு அடுப்பங்கரை வழியாக வரவில்லை. பாடப்புத்தகம், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் வழியாக வந்தது. அதாவது நமக்கு மாடியைத் திறந்து விட்டார்கள், தரைத்தளத்தைப் பூட்டி விட்டார்கள். அதனால்தான் நமக்கு 'போஸ்ட்போன்' சரளமாக வரும், 'புட் ஆஃப்' யோசிச்சுத்தான் வரும். புதுச் சொல் தேவைப்பட்டபோதும் நாம் மாடியிலேயே செய்துகொண்டோம். தேதியைப் பின்னால் தள்ளினால் 'போஸ்ட்போன்', அப்போ முன்னால் இழுத்தால்? 'ப்ரீபோன்'! ஆங்கிலேயன் 'பிரிங் ஃபார்வர்ட்' என்று தரைத்தளத்துச் சாமானை எடுப்பான். நாம் லத்தீன் ஒட்டை வைத்துக் கச்சிதமாக ஒன்றைச் செய்தோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதை ஏற்றுக்கொண்டது.

நமக்கு வந்து சேர்ந்த சில சேர்க்கைகளும் ஆபீஸ் வாசனை, பட்டாளத்து வாசனையோடுதான் இருக்கின்றன. அரசு அலுவலகத்தில் ஃபைலை 'புட் அப்' பண்ணுவாங்க. வெளியூர் போனால் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', அதாவது பிரிட்டிஷ் அதிகாரி தனக்கு ஒதுக்கிய ஊரில் இல்லை என்று பொருள். கல்லூரி முடித்தால் 'பாஸ் அவுட்'. பரங்கிமலையில் ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு நடக்கிற அணிவகுப்பின் பெயர் இன்னிக்கும் 'பாஸிங் அவுட் பரேடு'தான். இதையே அமெரிக்க மேனேஜரிடம், "ஐ பாஸ்ட் அவுட் இன் டூ தவுசண்ட் நைன்டீன்" என்று சொன்னால், அந்த வருஷம் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார் :-)

'டிஸ்கஸ் அபவுட்'டுக்கு வருகிறேன். தமிழில் 'விஷயத்தை விவாதித்தோம்' என்றும் சொல்லலாம், 'விஷயத்தைப் பற்றி விவாதித்தோம்' என்றும் சொல்லலாம். ஆங்கிலத்திலேயே 'டிஸ்கஷன் அபவுட்' சரி. டாக், திங்க், ஆர்க்யூ எல்லாம் 'அபவுட்' எடுக்குது. இத்தனையும் பார்த்தவன் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் அவன் மொழியின் போக்கைச் சரியாகவே கணித்திருக்கிறான், ஒரு விதிவிலக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இதே சேர்க்கையைக் கேட்கலாம். ஒருவரை ஒருவர் காப்பியடிக்க வழியில்லாத இத்தனை ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், வழுக்கல் தரையில் இருக்கு, காலில் இல்லை. பரீட்சையில் மார்க் போகும், அதனால் 'அபவுட்'டை அடித்துவிட்டு அனுப்புங்க. ஆனா சிரிக்கிறவனுக்கு ட்ரைடன் கதையைச் சொல்லுங்க.

சரியான ஆங்கிலம் என்பதே இதில் நிலையாக நின்றதில்லை. 'டிபெண்ட்' என்றால் மூலத்தில் 'தொங்கு'. ஒரு காலத்தில் 'டிபெண்ட் ஆஃப்' என்று எழுதினார்கள், அப்புறம்தான் 'ஆன்' நிலைத்தது. தீர்ப்பை எதிர்த்து 'அப்பீல் அகெய்ன்ஸ்ட்' என்பது லண்டன். 'அகெய்ன்ஸ்ட்' இல்லாமல் 'அப்பீல்' மட்டும் அமெரிக்கா. படிவத்தை லண்டனில் 'ஃபில் இன்' பண்ணுவாங்க, நியூயார்க்கில் 'ஃபில் அவுட்'. ஒரே படிவம், ஒரே பேனா. ஒருத்தனுக்கு உள்ளே போகுது, இன்னொருத்தனுக்கு வெளியே வருது.

இந்தச் சேர்க்கைகளை வைத்து உலகத்துக்கே சுலப ஆங்கிலம் தர முயன்றவரும் உண்டு. சி.கே. ஆக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களின் பட்டியல் வெளியிட்டார். அதில் வினைச்சொற்கள் மொத்தம் 18தான்! கெட், கிவ், கோ, புட், டேக் போல 18. மற்றதை எல்லாம் இவற்றோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' சேர்த்துச் சமாளிக்கலாம் என்பது யோசனை. 1943இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில் இதைப் பாராட்டினார் (இது நிஜமாகவே அவர் பேசியது). ஆனால் 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும் என்பதால் 'கிவ் அப்' தெரிந்துவிடுமா? அது தனியாக மனப்பாடம் பண்ண வேண்டிய மூன்றாவது சரக்கு. டாக்காவில் பல வருஷம் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1934லேயே இந்த ஓட்டையைப் பிடித்துவிட்டார். மாணவன் தலையில் ஏறும் சுமை 850ஐ விட எவ்வளவோ அதிகம் என்று அவரும் சகாக்களும் விமர்சித்து எழுதினார்கள். ஆங்கிலேயனுக்கு 'கிவ் அப்' எளிது, 'சரண்டர்' கஷ்டம். நமக்கு நேர் எதிர். இது வகுப்பறையில் நின்றவருக்குத் தெரிந்தது, கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து பட்டியல் போட்டவருக்குத் தெரியவில்லை.

அதே சமயம், தமிழ்நாட்டில் எந்தப் புத்தகமும் இல்லாமல் 'அப்'பும் 'அவுட்'டும் தெருவுக்கு வந்துவிட்டன. வினையாக வரவில்லை, உறைந்துபோன பெயர்ச்சொல்லாக வந்தன. கெட்டப்பு, மேக்கப்பு, பில்டப்பு, லாக்கப்பு, செக்கப்பு, கட்டவுட்டு, சட்டசபையில் வாக்கவுட்டு. 'கெட்டப்' ஆங்கிலத்தில் எழுந்திரு என்ற வினையிலிருந்து வந்து உடையலங்காரம் ஆனது. நாம் அந்த அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'பில்டப்' நம்மிடம் வந்ததும் 'கொடு'வைச் சேர்த்துக்கொண்டு 'பில்டப் கொடுக்காதே' ஆகிவிட்டது. அதாவது அவர்களுடைய கூட்டு வினையைப் பெயர்ச்சொல்லாக இறக்கி, அதன் மேல் நம்ம வினையை மாட்டி ஓட்டுகிறோம். 'செட்டப்பு' பற்றி நான் எழுதப்போவதில்லை, வீட்டில் இருக்கிறவங்களும் இதைப் படிக்கிறாங்க.

எங்க தொழிலிலும் இதே உறைதல்தான். கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கட்டைக்குப் பெயர் 'லாக்'. அந்தக் கணக்கை எழுதிய நோட்டு லாக் புக். அதில் பதிவு செய்வது 'லாக் இன்'. 1960களில் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பங்குபோட்டுப் பயன்படுத்திய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில் இது 'லாகின்' என்று ஒட்டி எழுதிய ஒரு கட்டளை ஆனது. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'இன்' மேல், பெயராகச் சொல்லும்போது 'லாக்' மேல். எழுத்திலும் வினைக்கு இடைவெளி விடணும், பெயருக்கு ஒட்டணும். இந்த ஒரு இடைவெளிக்காக ரிவ்யூவில் பத்து வரி சண்டை போடுகிற ஆட்கள் உண்டு.

தமிழில் எழுதும்போது அந்தச் சண்டைக்கும் வழியில்லை. சினிமாக்காரர்கள் 'பேக்கப்' என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாங்க 'பேக்கப்' என்றால் அது முடிகிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது.